முகத்தில் படும் ஒளியை அளப்போம்

பழைய பொருட்களுக்கு இப்போது மறுவாழ்வு வந்திருக்கின்றது. கைத்தொலைபேசியில் ஆயிரக்கணக்கான படங்களை எடுத்துச் சலித்துப்போன எமது பிள்ளைகளிற் சிலர், பிலிம் சுருள் இட்டுப் படமெடுக்கும் கமராக்களைத் தேடித் திரிகின்றனர். சரிற்றிக் கடைகளிலும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளிலும் ஐம்பது, அறுபது ஆண்டு பழைமையான கமராக்கள் கிடைக்கின்றன. வாங்கி வந்த பின்னர்தான் ஒரு கேள்வி எழுகின்றது. இக்கமராவில் வெளிச்சத்தை அளக்கும் கருவி இல்லையே. துவாரத்தை எவ்வளவு திறப்பது, எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்பதை எவ்வாறு அறிவது?

அதற்குரிய விடை உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பெட்டியாகும். ஒளிமானி என்பது அதன் பெயர். பொழுதுபோக்காகப் படமெடுப்போருக்கு மட்டும் உரிய விடயமாயின் இப்பத்தியில் அதற்கு இடமளித்திருக்க மாட்டேன். எமது குடும்பப் படங்களில் நெடுங்காலமாக ஒரு குறை இருந்து வருகின்றது. கூறைச்சேலையின் சரிகை மின்னும்; பின்னாலுள்ள சுவர் துலங்கும்; முகம் மட்டும் கறுத்து, கண்ணும் மூக்கும் தெரியாமல் இருக்கும். இது ஏன் நேர்கின்றது, எவ்வாறு நீக்கலாம் என்பதை இந்தப் பழைய ஒளிமானியைப் போலத் தெளிவாகக் கற்பிக்கும் ஆசான் வேறில்லை.

கண் நல்ல அளவுகோல் அன்று

வெயில் எறிக்கும் முற்றத்திலிருந்து வீட்டுக்குள் நுழைகின்றோம். முதற் சில கணங்கள் எதுவும் தெரிவதில்லை. சற்று நேரத்தில் எல்லாம் தெளிவாகிவிடுகின்றது. இருளுக்கேற்பக் கண் தன்னை மாற்றிக்கொள்வதனால், அறை வெளிச்சமாகவே இருக்கின்றதென நாம் எண்ணிக்கொள்கின்றோம். உண்மையில் நடுப்பகல் வெயிலுக்கும் இரவில் விளக்கெரியும் வரவேற்பறைக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ ஆயிரம் மடங்காகும். கண் அதனை மறைத்துவிடுகின்றது, பிலிமோ மறைப்பதில்லை.

புலம்பெயர்ந்தோருக்கு இதில் இன்னுமொரு சிக்கல் உண்டு. எமது கண் பழகியது வேறொரு சூரியனுக்கு. டிசம்பர் மாதம் 21ஆந் திகதியளவில், நண்பகலில், யாழ்ப்பாணத்தில் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 57 பாகை உயரத்தில் நிற்கும். அதே நாளின் நண்பகலில் ரொறன்ரோவில் 23 பாகை, இலண்டனில் 15 பாகை, ஒஸ்லோவில் 7 பாகைக்கும் குறைவு. பதினைந்து பாகை உயரத்திலிருந்து வரும் கதிர், தலைக்கு நேர் மேலிருந்து வரும் கதிரைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு வளிமண்டலத்தை ஊடறுத்து வரவேண்டும். அதன் மேல் முகிலும் பனிமூட்டமும் சேர்ந்துகொள்கின்றன.

முன்னாளில் பிலிம் பெட்டிக்குள் இருந்த துண்டுத்தாளைச் சிலர் நினைவில் வைத்திருப்பர். நல்ல வெயிலில் துவாரத்தை எஃப் 16இல் வை. பிலிமின் வேகம் 100 ஆயின் செக்கனின் நூற்றிலொரு பங்கு திற. இது எமது ஊரில் ஆண்டின் பெரும்பகுதிக்குப் பொருந்திய விதி. கிராமத்துப் படப்பிடிப்பாளர் வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கமராவைத் திருப்பியதும், படம் சரியாக வந்ததும் இதனாலேயே. அந்த அனுபவத்தை அப்படியே கொண்டுவந்து இலண்டனின் தை மாதத்தில் பயன்படுத்தினால் கிடைப்பது இருண்ட படமே.

சந்திரனின் பெயர்கொண்ட மூலகம்

ஒளியை அளக்க முற்பட்டோர் முதலில் பல உபாயங்களைக் கையாண்டனர். வெயில் பட்டுக் கறுக்கும் காகிதத்தை வைத்து, அது கறுப்பதற்கு எடுக்கும் நேரத்தை எண்ணினர். பின்னர், படிப்படியாக மங்கிச் செல்லும் எழுத்துக்களை ஒரு குழாயினூடாகப் பார்த்து, எந்த எழுத்துவரை தெரிகின்றதென்று கணக்கிடும் கருவி வந்தது. ஆனால் பார்ப்பது கண்தானே? கண்ணின் ஏமாற்று அதிலும் தொடர்ந்தது.

இதற்கு முடிவு கட்டியது செலனியம் என்னும் மூலகம். சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் பேர்சீலியஸ் 1817இல் அதனைக் கண்டறிந்தார். அதற்குச் சற்று முன்னர் அறியப்பட்ட, அதனையொத்த மூலகமொன்றுக்குப் பூமியின் பெயரால் தெலூரியம் எனப் பெயரிட்டிருந்தனர். ஆதலால் இதற்குக் கிரேக்க மொழியில் சந்திரனைக் குறிக்கும் செலீனி என்ற சொல்லிலிருந்து பெயர் வைத்தார். 1873இல் வில்லபி சிமித் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர், கடலடித் தந்திக் கம்பிகளைச் சோதிக்கச் செலனியக் கோல்களைப் பயன்படுத்தியபோது, அவற்றின் மீது ஒளி படுந்தோறும் மின்தடை மாறுவதை வெளியிட்டார். 1876இல் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் அடம்ஸ், டே ஆகிய இருவரும் செலனியம் ஒளியைக் கொண்டு தானாகவே மின்னோட்டத்தை உண்டாக்குவதைக் காட்டினர்.

அம்மின்னோட்டத்தை ஒரு நுண்ணிய ஊசியின் அசைவாக மாற்றி, படமெடுப்போரின் சட்டைப்பைக்குள் வைத்தது வெஸ்ரன் நிறுவனம். அதன் 617ஆம் இலக்க ஒளிமானி 1932இல் விற்பனைக்கு வந்தது. நிறுவனத்தைத் தொடங்கிய எட்வேட் வெஸ்ரன் 1850இல் இங்கிலாந்திற் பிறந்து, இருபது வயதில் அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்து, அங்கே நியூ ஜேர்சி மாநிலத்தில் மின்னளவைக் கருவிகளைச் செய்து புகழ்பெற்றவர். அதே பெயருடைய புகழ்பெற்ற நிழற்படக் கலைஞர் வேறொருவர். 1939இல் மாஸ்ரர் என்ற வரிசை தொடங்கியது. அவ்வரிசையின் பிரித்தானிய மாதிரிகள் செய்யப்பட்ட தொழிற்சாலை இலண்டனின் வடக்கிலுள்ள என்ஃபீல்டில் இருந்தது. இந்நாட்டுச் சந்தைகளில் இன்றும் அவை தோலுறையோடு அகப்படுவது அதனாலேயே.

வெஸ்ரன் மாஸ்ரர் ஒன்றைக் கையிலெடுத்துப் பாருங்கள். பின்புறத்தில் தேன்கூடு போன்ற கண்ணாடி வில்லைகள். அவற்றின் பின்னே செலனியத் தகடு. ஒளி மிகுந்த இடத்தில் சிறு துளைகளிட்ட மூடியொன்று அத்தகட்டை மறைத்து நிற்கும். மங்கிய இடத்தில் மூடியைத் திறந்தால் ஊசிக்குப் பின்னாலுள்ள அளவுத்திட்டமும் தானாக மாறும். முன்புறத்தில் வட்டத்தட்டு. பிலிமின் வேகத்தை அதிற் குறித்து, ஊசி காட்டும் எண்ணுக்கு நேரே அம்புக்குறியைத் திருப்பினால், துவாரமும் நேரமும் சோடி சோடியாகத் தெரியும். இதற்குப் பற்றறி தேவையில்லை. எந்த ஒளியை அளக்கின்றதோ அந்த ஒளியே அதன் உணவு.

தெறிக்கும் ஒளியும் படும் ஒளியும்

இனி முக்கியமான விடயத்துக்கு வருவோம். பாடசாலையில் படுகதிர், தெறிகதிர் என்று படித்திருப்பீர்கள். ஒளிமானியைக் கமரா நிற்கும் இடத்திலிருந்து ஆளை நோக்கிப் பிடித்தால் அது அளப்பது தெறிக்கும் ஒளியை. கமராவுக்குள்ளே பொருத்தப்பட்ட ஒளிமானிகளும் இவ்வாறே அளக்கின்றன. ஆனால் அந்த ஒளி எதிலிருந்து தெறித்தது என்று ஊசிக்குத் தெரியாது. வெண்பனியா, கறுப்புக் கோட்டா, மனித முகமா என்று அது அறியாது. எனவே, தனக்கு முன்னால் இருப்பதெல்லாம் கூட்டிக் கழித்தால் நடுத்தரச் சாம்பல் நிறந்தான் என்று அக்கருவி ஓர் அனுமானத்தைக் கொண்டிருக்கின்றது. படும் ஒளியில் 18 வீதத்தைத் தெறிக்கும் சாம்பல் அட்டையொன்று அதற்குரிய அளவாகப் படப்பிடிப்பாளரிடையே வழங்குகின்றது.

ஓர் ஆசிரியரை எண்ணிக்கொள்ளுங்கள். எந்த வகுப்பானாலும் சராசரி ஐம்பது புள்ளிதான் வரவேண்டும் என்று அவர் முன்கூட்டியே தீர்மானித்திருக்கின்றார். நன்றாகப் படிக்கும் வகுப்பின் புள்ளிகளைக் கீழே இழுப்பார். படிப்பிற் பின்தங்கிய வகுப்பின் புள்ளிகளை மேலே தூக்குவார். இரண்டு வகுப்பினதும் உண்மை நிலை அவருடைய ஏட்டில் இராது. தெறிக்கும் ஒளியை அளக்கும் கருவியும் இப்படித்தான். பனி மூடிய பூங்காவில் பிள்ளையை நிறுத்திப் படமெடுத்தால், பனியின் பிரகாசத்தைக் கண்டு கருவி ஒளியைக் குறைக்கச் சொல்லும். பனி சாம்பலாகும், பிள்ளையின் முகம் கரியாகும். கறுப்புத் திரைக்கு முன்னால் நிறுத்தினாலோ திரை சாம்பலாக வெளிறும். முகமும் தன் நிறத்தை இழக்கும்.

வெள்ளைத் தோல் அந்த நடுத்தரச் சாம்பலை விட ஏறக்குறைய இரு மடங்கு ஒளியைத் தெறிக்கும். எம்மிற் பலருடைய தோல் அந்தச் சாம்பலை விடக் குறைவாகவே தெறிக்கும். ஆகவே வெள்ளை உடை, வெள்ளைச் சுவர், வெண்பனி, வெள்ளையரான நண்பர் ஆகியவற்றினருகே நாம் நிற்கும்போது, கருவி அவற்றைக் காப்பாற்றி எம்மைக் கைவிடுகின்றது. கலியாணப் படங்களில் வேட்டி துலங்க, முகம் மங்குவதன் காரணம் இதுவே. குறை எமது நிறத்தில் இல்லை. அளந்த முறையில் இருக்கின்றது.

படம் கழுவும் இடத்திலும் இதே கதை நடந்தது. வர்ணப் படங்களை அச்சிடும் நிலையங்கள், நிறம் சரியாக இருக்கின்றதா எனப் பார்ப்பதற்குக் கொடாக் நிறுவனம் வழங்கிய மாதிரிப் படமொன்றை வைத்திருந்தன. அதில் இருந்தவர் ஒரு வெள்ளைப் பெண். முதலில் அப்படத்திற்கு நின்றவரின் பெயரால் அதனை ‘ஷேர்லி’ என்றே அழைத்தனர். அவருடைய முகம் நன்றாக வந்தால் எல்லாம் சரியென்று கொள்ளப்பட்டது. பல நிறத்தாரையும் ஒருங்கே கொண்ட மாதிரிப் படங்கள் 1990களிலேதான் வந்தன. அதற்கு முன்னர் எடுத்த எமது குடும்பப் படங்களைப் புரட்டும்போது இதனையும் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

இதற்கு மாற்று என்ன? ஆளை அளப்பதை விட்டு, ஆள்மீது விழும் ஒளியை அளப்பதுதான். வெஸ்ரன் மாஸ்ரருடன் இன்வேர்கோன் எனப்படும், பால்நிறமுடைய சிறு கூம்பொன்று கிடைக்கும். அதனைச் செலனியத் தகட்டின்மேற் பொருத்திக்கொண்டு, படமெடுக்கப்படுபவரின் அருகே சென்று, அவருடைய முகத்தின் முன்னே பிடித்து, கூம்பைக் கமராவின் பக்கம் திருப்பி ஊசியைப் பாருங்கள். அவ்வளவுதான். யப்பானின் செக்கோனிக் நிறுவனத்தின் ஒளிமானிகளில் இதே வேலைக்கு அரைக்கோள வடிவான வெள்ளை மூடி உண்டு. இப்போது கருவி எவருடைய நிறத்தையும் பார்ப்பதில்லை. வந்து விழும் ஒளி இவ்வளவு என்று மட்டுமே சொல்கின்றது. அவ்வளவின்படி எடுத்தால் பனி வெள்ளையாகவும், கோட்டு கறுப்பாகவும், அம்மம்மாவின் முகம் அம்மம்மாவின் முகமாகவும் வரும். மணமகளும் வெள்ளைக்காரத் தோழியும் அருகருகே நின்றாலும் இருவருக்கும் ஒரே அளவு. அவரவர் நிறம் அவரவர்க்கு.

செய்முறை

கூம்பு இல்லாத ஒளிமானிதான் கிடைத்ததென்றால் கவலை வேண்டாம். உங்கள் உள்ளங்கையே உதவும். கருநிறத்தாருக்கும் உள்ளங்கை வெளிறியதாகவே இருப்பதால், ஆளுக்காள் வேறுபாடு முகத்திலுள்ள அளவுக்கு அதிகமில்லை. படமெடுக்கப்படுபவர் நிற்கும் ஒளியில் உங்கள் கையை நீட்டி, உள்ளங்கையைக் கமராவின் பக்கம் திருப்பி, அதனருகே ஒளிமானியைப் பிடித்து அளவுங்கள். கருவியின் நிழல் கையில் விழக்கூடாது. பொதுவாக உள்ளங்கை நடுத்தரச் சாம்பலை விட ஒரு படி வெளிச்சமானது. ஆதலால் கருவி சொல்வதை விட ஒரு படி கூடுதலாக ஒளியை விடவேண்டும். எஃப் 8 என்றால் எஃப் 5.6. சாம்பல் அட்டை ஒன்றை வாங்கி, ஒரு நாள் இரண்டையும் ஒரே ஒளியில் அளந்து பார்த்தால் உங்கள் கைக்குரிய சரியான வேறுபாடு தெரிந்துவிடும். அதன் பின்னர் ஆயுள் முழுவதும் அந்த அட்டை உங்கள் கையிலேயே இருக்கும்.

இன்னுமொரு குறிப்பு. வர்ண நெகற்றிவ் பிலிம் ஒளி கூடினாற் பொறுத்துக்கொள்ளும், குறைந்தாற் பொறுப்பதில்லை. ஐயம் ஏற்பட்டால் அரைப் படி கூடுதலாகவே விடுங்கள். கருமையான முகத்தின் நிழற்பகுதியிலுள்ள நுட்பங்கள் அந்த அரைப் படியிலேதான் உயிர்பெறுகின்றன. யன்னலோர வெளிச்சத்தில் ஒருவரை இருத்தினால், ஒளிபடும் கன்னத்தை ஒருமுறையும் நிழற்கன்னத்தை ஒருமுறையும் அளந்து, இரண்டுக்கும் நடுவே வைத்துக்கொள்வது நல்லது.

பழைய ஒளிமானியை வாங்கும்போது கவனிக்கவேண்டியவை சில உள. செலனியத் தகட்டைக் கையால் முற்றாக மூடினால் ஊசி பூச்சியத்தில் நிற்கவேண்டும். சற்று விலகி நின்றால், பின்புறத்திலுள்ள சிறு திருகாணியால் சரிசெய்யலாம். கையை எடுத்ததும் ஊசி தடங்கலின்றி எழவேண்டும். அடுத்து, நம்பத்தகுந்த வேறொரு கமராவுடன் ஒரே சுவரை நோக்கிப் பிடித்து ஒப்பிடுங்கள். வெயிலில் மட்டும் ஒப்பிட்டால் போதாது. வீட்டினுள்ளும் ஒப்பிட வேண்டும். முதுமையடைந்த தகடு நல்ல ஒளியில் சரியாகவும் மங்கிய ஒளியில் தவறாகவும் காட்டுவதுண்டு. ஈரமே செலனியத்தின் முதற் பகைவன். குளிர்ந்து நீர் கசியும் நிலவறைகளில் இதனை வைத்தல் ஆகாது. பழைய வெஸ்ரன் மாதிரிகள் சிலவற்றில் பிலிமின் வேகம் அந்நிறுவனத்தின் சொந்தக் கணக்கிலே குறிக்கப்பட்டிருக்கும். அங்கே 80 என்பது இன்றைய 100ஐக் குறிக்கும்.

1960களில் கட்மியம் சல்பைட்டைக் கொண்ட ஒளிமானிகள் பெருகின. யேர்மனியின் கொசென் நிறுவனம் செய்த லூனாசிக்ஸ் அவற்றுட் புகழ்பெற்றது. செலனியத்துக்குப் புலப்படாத மங்கிய ஒளியையும் அது அளக்கும். ஆனால் அதற்குப் பற்றறி வேண்டும், அதுவும் 1.35 வோல்ற் தரும் இரசப் பற்றறி. இரசம் நஞ்சாகையால் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2000ஆம் ஆண்டுடன் அதன் விற்பனை நின்றுபோயிற்று. அதன் இடத்தில் 1.5 வோல்ற் பற்றறியை இட்டால் ஊசி பொய் சொல்லும். காதுகேள் கருவிகளில் இடப்படும் 675 இலக்கச் சிறு கலம் ஏறக்குறைய 1.4 வோல்ற் தருவதால் ஓரளவு பொருந்தும். ஆயினும் ஒட்டுத்தாளை உரித்த சில மாதங்களில் அது செயலிழந்துவிடும். முதன்முதலாக வாங்குவோருக்குச் செலனியமே என் பரிந்துரை.

கருவியிலிருந்து கற்பது

கைத்தொலைபேசியில் இவையெல்லாம் தானாக நடக்கின்றனவே, பின் எதற்கு இந்தப் பழம்பெட்டி என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. இன்றைய தொலைபேசிகள் முகத்தை இனங்கண்டு அதற்கேற்ப ஒளியைக் கூட்டிக் குறைக்கின்றன. கருநிற முகங்களைச் சரியாகக் காட்டவென்றே 2021இல் கூகிள் நிறுவனம் தன் தொலைபேசியில் தனி ஏற்பாடொன்றைச் செய்தது. அத்தகைய ஏற்பாடொன்று 2021இலும் தேவைப்பட்டது என்பதே சிந்திக்கத்தக்கது. தொலைபேசியின் கமராவும் அடிப்படையில் தெறிக்கும் ஒளியையே பார்க்கின்றது. அது ஊகித்துத் திருத்திக்கொள்கின்றது. ஒளிமானியைப் பிடித்துப் பழகியவரோ, தொலைபேசியால் எடுத்தாலும், முதலில் ஒளி எங்கிருந்து வந்து முகத்தில் விழுகின்றதென்று பார்ப்பார். ஆளை யன்னலுக்கு முதுகுகாட்டி நிறுத்தமாட்டார். திரையில் முகத்தின்மேல் விரலை அழுத்தி வெளிச்சத்தைச் சற்று உயர்த்துவார்.

1941ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில், ஏர்னாண்டஸ் என்னும் சிற்றூரின் மீது சந்திரன் எழுவதைக் கண்டு அன்சல் அடம்ஸ் வாகனத்தை நிறுத்தினார். கமராவை நிறுத்திவிட்டார், வெஸ்ரன் ஒளிமானி மட்டும் கைக்கு அகப்படவில்லை. இடுகாட்டுச் சிலுவைகளின்மீது விழுந்த மாலைவெயில் மறைந்துகொண்டிருந்தது. சந்திரனின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 மெழுகுதிரி அளவு என்பது அவர் நினைவுக்கு வந்தது. அதைக் கொண்டு மனத்துள் கணக்கிட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது படத்துக்கு ஆயத்தமாகுமுன் வெயில் போய்விட்டது. உலகப் புகழ்பெற்ற அந்தப் படம் அந்த ஒரேயொரு பிலிமிலிருந்து வந்ததாகும். கருவியின்றி அவர் எடுத்தார் என்பதைவிட, கருவி கற்பித்தது அவருள் இருந்தமையால் எடுத்தார் என்பதே பொருத்தம்.

எமக்கும் வெயில் போய்க்கொண்டுதான் இருக்கின்றது. 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்தை விட்டு மழையிற் புறப்பட்டோரும், அதற்கு முன்னும் பின்னும் ஊரூராய் இடம்பெயர்ந்தோரும் கையிலெடுத்துச் சென்ற பொதிகளில் அல்பங்களுக்கு இடமிருக்கவில்லை. இன்று எத்தனையோ வீடுகளில் மாலையிட்டுத் தொங்கும் படம், அடையாள அட்டையிலிருந்து வெட்டிப் பெருப்பித்த முகம். அதில் உருவம் உண்டு. அந்த மனிதர் இல்லை. எமது தலைமுறையினர் இழந்ததை மீட்க ஒளிமானியால் இயலாது. ஆனால் எம்மோடு இன்று இருக்கின்ற அப்பப்பாவும் அம்மம்மாவும் அப்படியொரு கரிய நிழலாகப் பேரப்பிள்ளைகளுக்குப் போய்ச் சேராமற் செய்ய இயலும்.

ஆகவே இவ்வார இறுதியில் பிள்ளைகளிடம் ஒரு வேலையைக் கொடுங்கள். முற்பகலில், வெயில் நேரே விழாத யன்னலொன்றின் அருகே முதியவரைக் கதிரையில் இருத்தட்டும். முகம் யன்னலின் பக்கம் சற்றுத் திரும்பியிருக்கட்டும். ஒளிமானி இருப்பின் அதனை அவருடைய கன்னத்தருகே பிடித்து அளக்கட்டும். இல்லையேல் தம் உள்ளங்கையைப் பிடித்துப் பார்க்கட்டும். படத்தைக் காகிதத்தில் அச்சிட்டு, பின்புறத்தில் பெயரும் பிறந்த ஊரும் திகதியும் பென்சிலால் எழுதி வைக்கட்டும். அளப்பதற்காக முகத்தருகே செல்லும் பிள்ளை, அந்த முகத்திலுள்ள சுருக்கங்களையும் தழும்பையும் அன்றுதான் முதன்முதலாக ஊன்றிப் பார்க்கக்கூடும். அது எவ்வாறு வந்ததென்று கேட்கவுங்கூடும். கேட்டால், சொல்லுங்கள்.